இடிந்த நகரமும் எழுந்த நகரமும்
ஹலப் மாநகரும் சுல்தான் நூருத்தீன் மஹ்மூது (ரஹ்) அவர்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை

 



இவ்வாண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கங்களைப் புரட்டிய பின்னரே தாங்கள் இக்கட்டுரைக்கு வந்திருப்பீர்கள். பெரும்பாலோர் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு மலரை மூடி வைப்பதும் உண்டு. அதில் தவறில்லை. கணக்குப் பார்ப்பதும் அமானத்தைப் பேணுவதன் ஒரு பகுதியே. நாம் இங்கே சொல்லவிருப்பதும் ஒரு வகையில் கணக்குப் பற்றிய செய்திதான். ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநகரம் சில நொடிகளில் இடிந்து விழுந்தது. அதை மீண்டும் எழுப்பியவர்கள் எதை முதலில் கட்டினார்கள்? எவர் பணத்தில் கட்டினார்கள்? எவருக்காகக் கட்டினார்கள்? இம்மூன்று கேள்விகளுக்கும் வரலாறு என்ன விடை தருகிறது என்பதைக் காண்போம்.

அம்மாநகரத்தின் பெயர் ஹலப். மேலை நாட்டார் அதனை அலெப்போ என்பர். உலகில் மக்கள் இடைவிடாது வாழ்ந்துவரும் மிகப் பழமையான நகரங்களுள் ஒன்று. நகரின் நடுவே உயர்ந்த மேட்டின் மீது ஒரு கோட்டை. கோட்டையின் மேற்கே உமையாக்கள் காலத்துப் பெரிய ஜாமிஆ பள்ளிவாசல். பள்ளிவாசலைச் சுற்றிக் கடைவீதிகள். கிழக்கிலிருந்து வரும் பட்டும் வாசனைத் திரவியங்களும் மத்தியதரைக் கடலை அடையும் வழியில் தங்கிச் செல்லும் சந்தை அது.

பூமிக்கு அடியில் ஒரு பிளவு

ஹலபின் வரலாற்றைப் படிப்போர் முதலில் அதன் மண்ணைப் பற்றி அறிதல் வேண்டும். செங்கடலின் வடமுனையிலிருந்து சாக்கடல், லெபனான், சிரியா வழியாகத் துருக்கி வரை பூமியின் மேலோட்டில் நீண்டதொரு பிளவு செல்கிறது. அதன் கிழக்கே உள்ள அரேபியத் தட்டு, மேற்கே உள்ள நிலப்பகுதியை உரசியவாறு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. பாறைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்போது நகர்வு தடைபடுகிறது. விசை மட்டும் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. பாறையின் பிடி விட்டுப்போகும் நாளில் அத்தனை ஆண்டுகளின் நகர்வும் ஒரே நொடியில் நிகழ்ந்துவிடுகிறது. அதுவே நிலநடுக்கம்.

ஹமா நகருக்கு மேற்கே, மிஸ்யாஃப் அருகில், அல்ஹரீஃப் என்னுமிடத்தில் ரோமர் காலத்து நீர்க்கால்வாய் ஒன்று இப்பிளவின் குறுக்கே கட்டப்பட்டிருக்கிறது. நேர்க்கோட்டில் கட்டப்பட்ட அக்கால்வாய் இன்று இரண்டாக வெட்டப்பட்டு, ஒரு பாதி மற்றொன்றிலிருந்து 13.6 மீட்டர் விலகி நிற்கிறது. அங்கு மண்ணைத் தோண்டி ஆராய்ந்த நிலவியலார், அப்பிளவு கடைசியாக அசைந்தது கி.பி. 1170-ல் என்று கண்டறிந்துள்ளனர். நாம் பேசப்போவதும் அந்த ஆண்டைப் பற்றியே. ஏட்டில் மை கொண்டு எழுதப்பட்ட செய்தியைக் கல்லும் மண்ணும் சாட்சி சொல்லி உறுதிப்படுத்தியிருக்கின்றன.

ஒரே தலைமுறையில் மூன்று பேரிடர்கள்

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் ஷாம் தேசத்து மக்கள் ஓர் ஆயுட்காலத்திற்குள் மூன்று பெரும் நிலநடுக்கங்களைக் கண்டார்கள்.

முதலாவது, ஹிஜ்ரி 533 ஸஃபர் மாதத்தில், அதாவது 1138 அக்டோபரில் நிகழ்ந்தது. ஹலபும் அதைச் சூழ்ந்த கோட்டைகளும் பாதிக்கப்பட்டன. அதாரிப் கோட்டை இடிந்து காவலர் அறுநூறு பேர் மாண்டனர். ஹலப் மக்களுள் பலர் முன்னதிர்வுகளைக் கண்டு அஞ்சி நகரைவிட்டு வெளியேறித் திறந்த வெளியில் தங்கியிருந்ததால் உயிர் பிழைத்தார்கள். இந்நிலநடுக்கத்தில் 2,30,000 பேர் இறந்ததாகப் பல நூல்களில் இன்றும் எழுதப்படுகிறது. அது மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஆசிரியர் ஒருவர் தந்த எண்ணிக்கை. மறு ஆண்டில் காக்கேசியப் பகுதியில் உள்ள கன்ஜா நகரை அழித்த மற்றொரு நிலநடுக்கத்தின் செய்தி இதனுடன் கலந்துவிட்டது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். துயரத்தைச் சொல்லும்போதும் எண்ணிக்கையில் நிதானம் வேண்டும் என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம்.

இரண்டாவது, ஹிஜ்ரி 552 ரஜப் மாதத்தில், 1157 ஆகஸ்டு 12 அன்று நிகழ்ந்தது. அதற்கு முந்திய ஆண்டிலிருந்தே பூமி ஓயாது அதிர்ந்துகொண்டிருந்ததை திமஷ்கில் வாழ்ந்த இப்னுல் கலானிஸீ என்னும் வரலாற்றாசிரியர் நாள் தவறாமல் குறித்து வைத்திருக்கிறார். பேரதிர்ச்சி வந்தபோது ஹமா, ஷைஸர், கஃபர்தாப், மஅர்ரா, ஹிம்ஸ் முதலிய ஊர்கள் சிதைந்தன. ஷைஸர் கோட்டையை ஆண்ட பனூ முன்கித் குடும்பத்தார் அன்று தம் இல்லத்தில் ஒரு கத்னா விருந்துக்காகக் கூடியிருந்தார்கள். கட்டடம் அவர்கள்மீது விழுந்து ஏறத்தாழ முழுக் குடும்பமும் மாண்டது. முன்னரே ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுத் தொலைவில் வாழ்ந்த உஸாமா இப்னு முன்கித் என்னும் அறிஞர் எஞ்சினார். தம் உறவினர் வாழ்ந்த வீடுகள் மண்மேடாகிவிட்டதைக் கண்ட துயரம், வீடுகளையும் வசிப்பிடங்களையும் இழந்து புலம்பிய கவிதைகளை ஒரு பெரும் நூலாகத் தொகுக்கும்படி அவரைத் தூண்டியது.

மூன்றாவது, ஹிஜ்ரி 565 ஷவ்வால் பிறை 12, திங்கட்கிழமை, 1170 ஜூன் 29 காலையில் நிகழ்ந்தது. நோன்புப் பெருநாள் கழிந்து பதினோராம் நாள். இதிலேதான் ஹலப் மாநகரம் நிலைகுலைந்தது.

ஹமாவின் ஆசிரியர்

ஹலபுக்குச் செல்லும் முன் ஹமாவில் சிறிது நிற்போம். இப்னுல் அஸீர் (ரஹ்) அவர்கள் இரண்டாவது நிலநடுக்கத்தைப் பற்றி எழுதும்போது ஒரு நிகழ்வைப் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில் எங்கள் உஸ்தாது இதனைச் சொல்லிவிட்டு, அன்று வேறு பாடம் நடத்தாமல் கிதாபை மூடி வைத்தது இன்றும் நினைவில் நிற்கிறது.

ஹமாவில் ஓர் ஆசிரியர் சிறுபிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு தேவைக்காகச் சற்று நேரம் வெளியே சென்றார். அந்தச் சிறு இடைவெளியில் பூமி அதிர்ந்தது. மக்தபு இடிந்து உள்ளே இருந்த பிள்ளைகள் அனைவர் மீதும் விழுந்தது. அதன்பின் அந்த ஆசிரியர் சொன்னதாக இப்னுல் அஸீர் எழுதும் செய்தி இதுதான்: என் பிள்ளை எங்கே என்று கேட்டு ஒருவரும் வரவில்லை.

ஏன் வரவில்லை? கேட்பதற்குத் தாயோ தந்தையோ எஞ்சவில்லை.

ஒரு பேரிடரின் அளவைச் சொல்ல இலட்சங்களில் எண்ணிக்கை தேவையில்லை. நாமும் நாள்தோறும் காலையில் மக்தபில் பிள்ளைகள் முன் அமருகிறோம். மணி ஒலித்ததும் வாசலில் வந்து நிற்கும் தாய்மார்களைப் பார்க்கிறோம். அந்த வாசலில் ஒருவரும் வராத ஒரு நாளை எண்ணிப் பார்க்க நெஞ்சம் துணியவில்லை.

இத்தகைய துயரங்கள் நிகழும்போது, பாதிக்கப்பட்டோர் செய்த பாவத்தின் விளைவு இது என்று எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடுவோர் உண்டு. அது நமக்குத் தரப்பட்ட அதிகாரமன்று. இடிபாட்டில் சிக்கி மரணிப்பவரை ஷஹீதுகளின் வரிசையில் சேர்த்துக் கூறினார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் செய்த பாவந்தான் என்ன? நிலநடுக்கம் உயிரோடு இருப்பவருக்கே பாடம். மாண்டவர் மீது குற்றம் சுமத்த அது சான்றாகாது.

ஊர் ஊராகச் சென்ற ஆட்சியாளர்

இனி ஹிஜ்ரி 565-க்கு வருவோம். அப்போது ஷாமை ஆண்டவர் சுல்தான் நூருத்தீன் மஹ்மூது இப்னு ஸங்கி (ரஹ்). 1118-ல் பிறந்தவர். தந்தை இமாதுத்தீன் ஸங்கி 1146-ல் கொல்லப்பட்டபின் ஹலபின் ஆட்சிக்கு வந்தார். 1154-ல் திமஷ்கும் அவர் கைக்கு வந்தது. கடற்கரையோரம் சிலுவைப் போராளிகளான பரங்கியர் ஆண்டனர். எல்லைகளில் ஓயாத போர் நிகழ்ந்த காலம்.

நிலநடுக்கச் செய்தி எட்டியபோது அவர் திமஷ்குக்குத் தெற்கே ஹவ்ரான் பகுதியில் இருந்தார். செய்தி கேட்டதும் அவர் மேற்கொண்ட பயணத்தை இப்னுல் அஸீர் வரிசைப்படி எழுதுகிறார்கள். முதலில் பஅலபக் சென்றார். அதன் மதிலையும் கோட்டையையும் பழுதுபார்க்கத் தொடங்கியபோதே ஏனைய ஊர்களின் நிலை தெரியவந்தது. பஅலபக்கில் பணியைப் பார்க்கவும் ஊரைக் காக்கவும் ஆட்களை நியமித்துவிட்டு ஹிம்ஸ் சென்றார். அங்கும் அவ்வாறே செய்து ஹமா சென்றார். பின்னர் பாரீன் சென்றார். பாரீன் கோட்டை பரங்கியரின் எல்லையை ஒட்டியிருந்தது. அதன் மதிலில் எதுவும் எஞ்சவில்லை. ஆகவே ஓர் அமீரின் தலைமையில் படையின் ஒரு பிரிவை அங்கே நிறுத்தி, இரவும் பகலும் கட்டுமானம் நடக்கச் செய்தார்.

இறுதியில் ஹலபை அடைந்தார். அங்கே கண்ட அழிவு வேறெந்த ஊரிலும் காணாததாக இருந்தது. பிழைத்தவர்கள் அச்சத்தில் உறைந்திருந்தார்கள். பின்னதிர்வுகள் தொடர்ந்ததால் எஞ்சிய வீடுகளுக்குள் நுழைய ஒருவருக்கும் துணிவில்லை. மக்கள் திறந்த வெளியில் தங்கினார்கள். சுல்தானும் நகரின் வெளியே தங்கினார். வேலையை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டு அரண்மனை திரும்பவில்லை. மதில்களும் பள்ளிவாசல்களும் மீண்டும் எழும் வரை கட்டுமானத்தைத் தாமே முன்னின்று கவனித்தார். அதற்காகச் செலவிட்ட பொருளுக்குக் கணக்கில்லை என்று வரலாற்றாசிரியர் வியக்கிறார்.

இப்னுல் அஸீரின் தந்தையார் ஸங்கி மரபினரிடம் பணியாற்றியவர். ஆதலால் அவர் எழுத்தில் அவ்வரச குடும்பத்தின் மீது பற்று இருப்பது இயல்பே. எனினும் எதிர்த்தரப்பில் வாழ்ந்த கிறிஸ்தவ ஆசிரியரான தீர் நகரத்து வில்லியமும் இதே பேரழிவை எழுதியிருக்கிறார். அந்தாக்கியாவில் மாதா கோயில் இடிந்து தலைமைக் குருவே மாண்டார். பரங்கியரின் கோட்டைகளும் விழுந்தன. சில மாத காலம் இரு தரப்பாரும் போரை மறந்தனர். ஒவ்வொருவரும் மற்றவர் படையெடுத்து வருவாரோ என்னும் அச்சத்தில் தத்தம் ஊர்களைக் கட்டுவதில் மூழ்கினர். மனிதர் செய்துகொள்ளாத சமாதானத்தைப் பூமியின் அதிர்வு கொண்டுவந்தது.

மதில் முதலில் எழுந்தது ஏன்?

வீடுகளைக் கட்டும் முன் மதிலைக் கட்டியது முறையா என்று இன்று நமக்குத் தோன்றலாம். நாம் அக்காலச் சூழலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மதில் இல்லாத ஊருக்கு அன்று இரவுத் தூக்கம் இல்லை. 1157 நிலநடுக்கத்திற்குப் பின் சில மாதங்களிலேயே பரங்கியர் படை இடிந்துகிடந்த ஷைஸரை முற்றுகையிட்டது. அவர்களுக்குள் எழுந்த பிணக்கினால் மட்டுமே அவ்வூர் தப்பியது. அந்த அனுபவம் சுல்தானின் மனத்தில் இருந்திருக்கும். எனவே மதில் என்பது அரசனின் பெருமைக்கான கட்டடமன்று. கூடாரத்தில் படுத்திருக்கும் ஏழைக் குடும்பத்தின் உயிர்க்காவல்.

எதை முதலில் செய்ய வேண்டும் என்பதைக் கட்டடத்தின் அழகோ கட்டுபவரின் புகழோ தீர்மானிக்கவில்லை. மக்களுக்கு உடனடியாக வரக்கூடிய ஆபத்து எது என்பதே தீர்மானித்தது. ஒவ்வொரு காலத்திற்கும் அந்த ஆபத்து மாறுபடும். அளவுகோல் மட்டும் மாறுவதில்லை.

எவர் பணம்?

இத்தனை ஊர்களைக் கட்டப் பொருள் வேண்டும். பேரிடரைக் காரணம் காட்டிப் புதிய வரிகளை விதிப்பது ஆட்சியாளர்க்கு எளிய வழி. நூருத்தீனின் ஆட்சியோ வேறு திசையில் சென்றது. ஷரீஅத்தில் இடமில்லாத சுங்கங்களையும் வரிகளையும் தம் ஆட்சிப் பகுதிகளில் அவர் நீக்கினார் என்பதை வரலாற்றாசிரியர்கள் அவருடைய தலையாய சிறப்பாகப் பேசுகிறார்கள்.

அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றி இப்னுல் அஸீர் ஒரு நிகழ்ச்சியைத் தருகிறார்கள். வீட்டுச் செலவுக்குப் பணம் போதவில்லை என்று அவருடைய மனைவி முறையிட்டார். ஹிம்ஸ் நகரில் தமக்குச் சொந்தமாக இருந்த மூன்று கடைகளை மனைவிக்குக் கொடுத்தார் சுல்தான். அவற்றின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ இருபது தீனார். அது போதாதென்று மனைவி குறைபட்டபோது, தம் கையிலுள்ள ஏனைய பொருள் அனைத்தும் முஸ்லிம்களுடையது என்றும், தாம் அதற்குக் காவலாளி மட்டுமே என்றும், அதில் துரோகம் செய்து நரகத்தில் விழத் தாம் தயாரில்லை என்றும் விடை சொன்னார்.

மதில் கட்டக் கணக்கின்றிச் செலவிட்ட அதே கரம், தன் வீட்டுக்கு மூன்று கடைகளுக்கு மேல் எடுத்துக்கொள்ள மறுத்தது. இடிந்த ஊரைக் கட்டும் காலமே பொருள் கைமாறும் காலம். கல்லும் மரமும் சுண்ணாம்பும் பெருமளவில் வாங்கப்படும் காலம். கண்காணிப்புக் குறைந்தால் அமானத்து முதலில் சிதைவது அங்கேதான். சுல்தான் நகருக்கு வெளியே தங்கிக் கட்டுமானத்தைத் தாமே கவனித்ததன் பொருளும் இப்போது விளங்குகிறது.

கடைவீதியும் ஃபத்வாவும்

நிலநடுக்கத்திற்கு முந்திய ஆண்டில்தான் ஹலபின் பெரிய பள்ளிவாசலும் அதையொட்டிய கடைவீதிகளும் தீக்கிரையாகியிருந்தன. அதனைச் சுல்தான் புதுப்பித்தபோது, பள்ளிவாசலின் ஒரு பக்கத்தை விரிவாக்க விரும்பினார். அங்கோ வக்ஃபுக்குச் சொந்தமான ஒரு கடைவீதி இருந்தது. நாடாளும் மன்னர் ஒரு சொல் சொன்னால் கடைகள் பெயர்க்கப்பட்டிருக்கும். அதுவும் பள்ளிவாசலுக்காகவே. இருந்தும் அவர் மார்க்கச் சட்ட அறிஞரிடம் ஃபத்வா கேட்டார். கூடும் என்று தீர்ப்புக் கிடைத்த பின்னரே அந்த இடம் பள்ளியோடு சேர்க்கப்பட்டது.

நற்செயலுக்காக என்றாலும் வக்ஃபுச் சொத்தில் கை வைக்கும் முன் கேட்டறிய வேண்டும் என்பதை இதிலிருந்து பெறுகிறோம். பேரிடருக்குப் பின் நகரங்களைத் திருத்தியமைக்கும்போது தெருவை அகலமாக்குகிறோம், நகரை அழகாக்குகிறோம் என்ற பெயரில் எளியவர் தம் இடத்தை இழப்பது எல்லா நாடுகளிலும் காணப்படுவதே.

ஹலபில் அந்நாட்களில் இன்னொரு பணியும் தொடங்கப்பட்டிருந்தது. பைத்துல் முகத்தஸில் அக்ஸா பள்ளியில் வைப்பதற்கென, அந்நகரம் பரங்கியர் கையில் இருந்த காலத்திலேயே, ஒரு மர மிம்பரைச் செய்யச் சொன்னார் நூருத்தீன். அதில் பொறிக்கப்பட்ட ஆண்டு ஹிஜ்ரி 564. மறு ஆண்டே நகரம் இடிந்தது. மிம்பரோ நிலைத்தது. அவர் 1174-ல் மறைந்தார். 1187-ல் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்கள் பைத்துல் முகத்தஸை மீட்டபின் ஹலபிலிருந்து அதனை வரவழைத்து அக்ஸாவில் வைத்தார்கள். 1969 ஆகஸ்டு 21 அன்று தீவைப்பில் எரியும் வரை ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் அது அங்கே இருந்தது. தான் காணப்போகாத ஒரு நாளுக்காக உழைப்பது எப்படி என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ?

எழுந்த நகரம்

கட்டப்பட்டவை மதிலும் பள்ளியும் மட்டும் அல்ல. ஹமாவில் ஆஸி ஆற்றங்கரையில் இரண்டாவது நிலநடுக்கத்திற்குச் சில ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 558-ல், அவர் எழுப்பிய பள்ளிவாசல் நூரி ஜாமிஆ என அவர் பெயராலேயே அறியப்படுகிறது. மருத்துவமனைகளும் மதரஸாக்களும் ஹதீஸ் கலைக்கென ஒரு கல்விக்கூடமும் அவர் ஆட்சியில் எழுந்தன. அநாதைப் பிள்ளைகளுக்கென்று பல ஊர்களில் மக்தபுகள் அமைத்து, பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் போதிய உதவித்தொகை கிடைக்க ஏற்பாடு செய்தார். ஹமாவின் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். தேடிவரத் தாய் தந்தையர் இல்லாத பிள்ளைகள் நிறைந்த ஒரு நாட்டில், அந்த மக்தபுகளின் வாசலில் சமுதாயமே தாயாகவும் தந்தையாகவும் வந்து நின்றது.

நிலநடுக்கம் நிகழ்ந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1184-ல், ஸ்பெயினிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்து திரும்பிய இப்னு ஜுபைர் (ரஹ்) ஹலபில் தங்கினார். அவர் கண்டது இடிபாட்டை அல்ல. உறுதியான கோட்டையை, மரக்கூரை வேய்ந்த நிழல் நிறைந்த கடைவீதிகளை, அழகிய பெரிய பள்ளியை அவர் வருணிக்கிறார். பள்ளியை ஒட்டிய ஹனஃபி மதரஸாவைப் பற்றி அவர் சொல்லும் ஒரு செய்தி மனத்தைக் கவர்கிறது. மதரஸாவின் சுவரில் திராட்சைக் கொடி படர்ந்திருந்தது. மாடியறைகளில் தங்கியிருந்தோர் சாளரத்தின் வழியே இருந்த இடத்திலிருந்தே கைநீட்டிக் கனிகளைப் பறித்துக்கொள்ளலாம். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்குள் நுழைய அஞ்சி மக்கள் வெட்டவெளியில் கிடந்த அதே ஊர் அது. கூரையின் கீழ் அச்சமின்றி அமர்ந்து ஓத முடிந்ததே புனரமைப்பின் முழுமையான வெற்றி.

மனாராவின் கதை

ஹலபின் பெரிய பள்ளிக்கு ஒரு மனாரா இருந்தது. 1090-ல் கட்டத் தொடங்கி சில ஆண்டுகளில் முடிக்கப்பட்டது. சதுர வடிவில் கல்லால் எழுந்த அந்த மனாரா 1138, 1157, 1170 ஆகிய மூன்று நிலநடுக்கங்களையும் தாங்கி நின்றது. 1822 ஆகஸ்டில் ஹலபில் ஆயிரமாயிரம் உயிர்களைப் பறித்த நிலநடுக்கத்தையும் தாண்டி நின்றது. தொள்ளாயிரம் ஆண்டுகள் பூமியின் அசைவுக்கு அசையாத அந்த மனாரா, 2013 ஏப்ரல் 24 அன்று உள்நாட்டுப் போரில் தகர்ந்து விழுந்தது. பூமி விட்டு வைத்ததை மனிதர் விட்டு வைக்கவில்லை.

பின்னர் 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியையும் வட சிரியாவையும் உலுக்கிய நிலநடுக்கம் ஹலபை மீண்டும் தாக்கியது. போரால் முன்னரே பலவீனமடைந்திருந்த கட்டடங்கள் பல சரிந்தன. கோட்டையினுள் இருந்த பழைய பள்ளியின் மனாரா முகடும் வீழ்ந்தது. துருக்கியில் மட்டும் 53,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கே முறையாகக் கட்டப்பட்ட கட்டடங்கள் நிற்க, அருகிலேயே புதிதாக எழுந்த அடுக்குமாடிகள் தரைமட்டமான காட்சிகளை உலகமே கண்டது. ஒரே அதிர்ச்சி, ஒரே தெரு. வேறுபாடு எங்கே இருந்தது? கம்பியைக் குறைத்தவர் கையில் இருந்தது. விதியை மீறிய கட்டடத்தைக் கண்டும் காணாதவர் போல் அனுமதித்தவர் கையெழுத்தில் இருந்தது. நிலநடுக்கம் இறைவனின் நாட்டப்படி நிகழ்கிறது. சிமெண்டில் செய்த மோசடியை அவனுடைய கத்ரின் மீது சுமத்துவது அடியானுக்கு அழகன்று.

நமக்குரிய பாடம்

அன்பார்ந்த பெரியோர்களே! இளைஞர்களே!

தொடக்கத்தில் மூன்று கேள்விகள் கேட்டோம். எதை முதலில் கட்டினார்கள்? மக்களின் உயிரைக் காப்பதை. எவர் பணத்தில்? பொதுப்பணத்தில், அதிலிருந்து தம் வீட்டுக்கு எதையும் எடுத்துக்கொள்ளாமல். எவருக்காக? கேட்பாரற்றுப் போன பிள்ளைகள் உள்ளிட்ட அனைவருக்காக.

நூருத்தீன் (ரஹ்) ஒரு பேரரசை ஆண்டார். நம் கையில் இருப்பதோ ஒரு பள்ளிவாசல், ஒரு மக்தபு, சில வக்ஃபுக் கட்டடங்கள். பொறுப்பின் அளவு வேறாயினும் அமானத்தின் தன்மை ஒன்றே. பள்ளிக்கு மேல்தளம் எழுப்ப எண்ணும்போது அடித்தளம் அதைத் தாங்குமா என்று தகுதியுள்ள பொறியாளரைக் கேட்பது அமானத்து. மக்தபின் கூரையிலும் சுவரிலும் காணும் விரிசலைச் சுண்ணாம்பு பூசி மறைக்காமல் சோதித்துப் பார்ப்பது அமானத்து. அழகிய முகப்புக்குத் திரட்டும் நிதியில் ஒரு பங்கை, கண்ணுக்குத் தெரியாத தூணுக்கும் கம்பிக்கும் ஒதுக்குவதும் அமானத்தே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். பள்ளியும் மக்தபும் உறுதியாக இருக்கின்றனவா என்பதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தக்கவரைக் கொண்டு ஆராய்ந்து, அந்த அறிக்கையையும் இதே ஆண்டறிக்கையில் வரவு செலவுக்கு அருகே வெளியிடுங்கள். ஜமாஅத்தார்களிடமும் ஒரு வேண்டுகோள். கணக்கைப் படிப்பது போல் அதனையும் படித்துக் கேள்வி கேளுங்கள். கேட்பவர் இருக்கும் ஊரில்தான் அமானத்து நிலைக்கும்.

ஹமாவின் ஆசிரியர் சிறிது நேரத்தில் திரும்பி வந்தார். அவர் கண்டது மண்மேட்டை. நம்மிடம் ஓதவரும் ஒவ்வொரு பிள்ளையும் பாடம் முடிந்து, வாசலில் காத்திருக்கும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். அதற்காக நம்மால் இயன்றதைச் செய்துவிட்டு, இயலாததை அல்லாஹ்விடம் ஒப்படைப்போம்.

இடிபாடுகளில் ஷஹீதானவர்களின் மண்ணறைகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! வீடிழந்து கூடாரங்களில் வாடுவோருக்கு நிம்மதியான இல்லங்களை வழங்குவானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்துகளைக் குறைவின்றி நிறைவேற்றும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.